கம்பளத்துக்கு அடியில் இருந்த எட்டு

அத்தான்,

இன்று காலை உங்கள் காரின் கதவைத் திறந்தேன். திருநீறும் கண் படாமல் கட்டிய காய்ந்த தேசிக்காயும் கலந்த அதே வாசம் முகத்தில் அடித்தது. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்துவிட்டது, இனி இதை விற்றுவிடு என்று அக்கா சொல்லிவிட்டார். மழை பெய்தால் கிளம்பாத இந்தத் தகரத்தை எவன் வாங்குவான்? ஆனால் அதன் எண்ணில் உள்ள இலக்கங்களைக் கூட்டினால் ஐந்து வருமே! புதன் பகவான் காவலிருக்கும் காரை விட்டுவிட்டு, ஓடுகிற காரையா ஒரு மனிதன் வாங்குவான்?

ஜெர்மனியின் இந்த ஹம் நகரில் நம் ஆட்களுக்குக் காரின் இலக்கத்தகடுதான் சாதகக்குறிப்பு. தேர் அன்று கோயில் வாசலில் நிற்கும் கார்களைக் கூட்டிப் பார்த்தால் ஐந்தும் ஆறும் ஒன்பதுமாக வரும். சனியனின் எட்டை ஜெர்மன்காரனுக்கு விட்டுக் கொடுத்துவிட்டோம். அவன் அந்த எட்டில் ஏறி எண்பது வயதிலும் ஓட்டித் திரிகிறான்.

நான் கார் உதிரிப்பாகம் விற்கும் இடத்தில் வேலை செய்கிறவள். உங்கள் மடமை பொறுக்காமல் ஒருநாள் சொன்னேன்: "அத்தான், தகடு சட்டை மாதிரி. கழட்டி மாத்தலாம். காரின்ரை சட்டத்திலை அடிச்ச பதினேழு எழுத்து செசி நம்பர்தான் அதின்ரை உடம்பு. எந்த நாடு, எந்தக் கொம்பனி, என்ன ரகம், எல்லாம் அதிலை இருக்கு. மூண்டு இடத்திலை பாக்கலாம்: பத்திரத்திலை, முன் கண்ணாடிக்குக் கீழை, இரும்பிலை."

உங்கள் முகம் பிரகாசித்தது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். "உடம்பு நம்பர் இருக்கேக்கை, இவ்வளவு காலமும் சட்டை நம்பரைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறனே!" என்றீர்கள். அன்றிலிருந்து பதினேழையும் கூட்டத் தொடங்கினீர்கள், ஆங்கில எழுத்துக்கும் ஓர் எண் வைத்து. பூச்சியத்தோடு குழம்பும் என்று அதில் ஓ எழுத்தே கிடையாது என்றேன். அதுவும் நல்ல சகுனம் என்றீர்கள்.

பிறகு என் முதல் காரை வாங்கப் போனோம். அதற்காகச் சேர்த்த காசு முழுவதும் என் கைப்பையில் இருந்தது. விற்றவர் கொலோன் நகரப் பக்கம், நம் ஆள்தான். வாயைத் திறந்தால் தேன். "எங்கடை ஆக்களை எங்கடை ஆக்கள் ஏமாத்துவினமோ, தங்கச்சி?" இந்தக் கேள்வியைக் கேட்கிறவனிடமிருந்து ஓட வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று கண்ணாடிக்குக் கீழே இருந்ததைப் பத்திரத்தோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன்.

"பொறு பிள்ளை, நான் இன்னும் கூட்டி முடிக்கேல்லை" என்றீர்கள்.

பத்திரத்தில் கூட்டினீர்கள். இரும்பில் எங்கே என்று கேட்டீர்கள். முன் இருக்கைக்குப் பக்கத்தில், கம்பளத்துக்கு அடியில் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அந்தக் குளிரில் முழங்காலில் நின்று விரல் மடித்தீர்கள். இந்த மனிதர் என் அத்தான் என்று சொல்லவே வெட்கமாக இருந்தது.

"பத்திரத்திலை ஐஞ்சு வருது. இரும்பிலை எட்டு வருது. எட்டு எங்களுக்கு வேண்டாம், வா போவம்."

"ரண்டும் ஒரே நம்பர்தானே! உங்களுக்குக் கூட்டலும் வராதோ?" என்று கத்திக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஒரே நம்பர் இல்லை. கடைசி இலக்கங்கள் வேறாக இருந்தன. பத்திரம் ஒரு காருடையது, உடம்பு இன்னொரு காருடையது. நான் நிமிர்ந்தபோது தேன் வடித்தவர் கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி நழுவிக்கொண்டிருந்தார்.

களவுக் கார் என்று பிறகு பொலிஸ் சொன்னது. வாங்கியிருந்தால் காரும் போயிருக்கும், காசும் போயிருக்கும். களவுப் பொருளை நம்பி வாங்கினாலும் இந்த நாட்டில் அது நம்முடையதாகாது.

நீங்கள் கள்ளனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சனியன் காட்டிக் குடுத்திட்டான்" என்று ஹம் முழுவதும் சொல்லித் திரிந்தீர்கள். அதற்குப் பிறகு கார் வாங்குகிறவர்கள் எல்லாம் உங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இந்த ஊரில் முட்டாள்தனத்துக்குக் கிடைக்கும் மரியாதை வேறெதற்கும் கிடைக்காது. காப்பாற்றியது எட்டு இல்லை, நீங்கள் கம்பளத்தைத் தூக்கியதுதான் என்று எத்தனை தரம் சண்டை பிடித்தேன். "ரண்டும் ஒண்டுதான், பிள்ளை" என்பீர்கள். ஒன்றில்லை அத்தான். இப்போதும் சொல்கிறேன். பதில் சொல்ல நீங்கள் இல்லாததுதான் பொறுக்க முடியவில்லை.

பின்னேரம் ஒருவர் காரைப் பார்க்க வந்தார், கையில் தேசிக்காயோடு. நேரே தகட்டடிக்குப் போய் விரல் மடித்தார். "அண்ணை, அது கழண்டு போற தகடு. இதைப் பாருங்கோ" என்று கம்பளத்தை விலக்கினேன். மழைக்குக் கிளம்பாது என்பதையும் சொன்னேன். காதில் வாங்கவில்லை. குனிந்து கூட்டி, "ஐஞ்சு!" என்று மலர்ந்தார். உடனே பேனாவைக் கேட்டார்.

உங்கள் ஐந்தில் எனக்கு இன்றும் ஒரு சதத்துக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் பேனாவைக் கொடுக்கவில்லை.

"பொறுங்கோ அண்ணை," என்றேன். "இன்னும் ரண்டு இடத்திலை கூட்ட வேணும்."