நேர்காணலில் ஒரு தலையாட்டல்

புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர், 1986

அப்பா,

எங்களை விட்டுக் காத்தோங்குக்குப் போன நீங்கள், படிப்புக்கு உதவித்தொகை தரும் சங்கத்தின் தேர்வுக் குழுவில் இருப்பது எனக்குத் தெரியாது. அம்மா பெயரை மட்டும் எழுதித்தான் விண்ணப்பித்தேன்.

நேர்காணல் அறையில் என்னைக் கண்டதும் எழுந்து போவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ டையைச் சரிசெய்துகொண்டு, யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள்.

தலைவர் சூசைநாதன், "அப்பா என்னம்மா செய்றாரு?" என்று கேட்டார். காட்டிக்கொடுத்துவிடுவேனோ என்று உங்கள் முகம் வெளுத்துப்போனது.

"அவரு எங்களோட இல்ல சார்."

"பாவம்லா," என்றார் அவர். நீங்களும் தலையாட்டினீர்கள். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

நேற்று போன் செய்து, "உனக்குத்தான் கெடைக்கும். நான்தான் பேசி முடிச்சேன், அம்மாகிட்ட சொல்லு," என்றீர்கள். உங்கள் சிபாரிசில் படிக்கும் அளவுக்கு நான் இன்னும் தாழ்ந்துவிடவில்லை. இன்று சூசைநாதன் சாரைப் பார்த்து, நீங்கள் யார் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இல்லாமல் மறுபடியும் என்னை நேர்காணல் செய்யப்போகிறார்கள். கிடைத்தால் என் படிப்புக்காகக் கிடைக்கட்டும்.

அவர் உங்களையும் விசாரிப்பார். மறுத்துச் சிரமப்பட வேண்டாம். என் பிறப்புச் சான்றிதழை அவரிடம் காட்டிவிட்டுத்தான் வந்தேன்.

உங்கள் மூத்த மகள்