சாக்பீஸ் கோட்டுக்குள்ளே

என்னங்க,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாட்டை மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

அடுத்த மாசம் படகுக்கே குடிபோறோம்னு, படகு அறை அளவுக்கு ஹால் தரையில சாக்பீஸ் கோடு போட்டு, உள்ளே அடங்குறது மட்டும்தான் நம்மகூட வரும்னீங்க. நேத்து என் தையல் மெஷினைத் தூக்கிக் கோட்டுக்கு வெளியில வச்சீங்க. நானும் வாய்க்கு வந்ததைப் பேசிட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுத்துட்டேன். காலையில பார்த்தா மெஷின் உள்ளே இருக்கு, உங்க ஆர்மோனியப் பெட்டி வெளியில இருக்கு!

பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியை விலைக்குக் கேட்டு வந்தா, குடுக்கிறதா இல்லைன்னு சொல்லிடுங்க. அதையும் உள்ளே இழுத்து வச்சுட்டேன்.

பி.கு. கோட்டுக்குள்ள படுத்துப் பார்த்தேன். கால் நீட்டத்தான் இடமில்லை. நீங்க என்னிக்குக் காலை நீட்டிப் படுத்தீங்க? என் மேலதானே தூக்கிப் போடுவீங்க.

போட்டுக்குங்க.