ஆடு தின்னாத செடி

பிப்ரவரி 8, 2025

ஐந்தாவது சனிக்கிழமை. ஆழ்வார்குறிச்சியில் முதல் பஸ் பிடித்து, மலையடிவாரம் முழுக்க அலைந்தும் ஒன்றுமில்லை. தேடுவது, அறுபது வருடத்துக்கு முன் யாரோ பார்த்து எழுதிவைத்த, பாக்ஸ்வுட் இனத்துக் குத்துச்செடி ஒன்றை. அதன்பிறகு ஒருவர் கண்ணிலும் படவில்லை. கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவளுக்கு இந்த அலைச்சல் தேவையா? தேவைதான். செருப்பு வார் அறுந்தது.

பிப்ரவரி 15

கிடைத்துவிட்டது!

ஆடு மேய்க்கும் இசக்கித்தாய் அக்காவிடம் படத்தைக் காட்டினேன். “இதா? அங்கன பாறைக்குக் கீழ நிக்குல்லா. எங்க ஆடு மோந்துகூடப் பாக்காது டீச்சர்.”

சின்னச் சின்ன விறைத்த இலை. அத்தனையும் விஷம், ஆடுகளுக்குத் தெரிந்திருக்கிறது. முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன். “செடியப் பாத்தா அழுவாவ?” என்று அக்கா சிரித்தாள்.

ஏப்ரல் 3

அந்தச் சரிவில் கல்குவாரி வரப்போகிறதாம். எல்லைக்கல்லே நட்டுவிட்டார்கள். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். கண்டுபிடிச்சு ரெண்டு மாசங்கூட ஆகலையே — வெடி வச்சா என்ன மிஞ்சும்?

ஏப்ரல் 21

என் மனுவை விசாரிக்க இன்று அதிகாரி பார்வையிட வந்தார். சரிவு முழுக்கப் புதர். “எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கு மேடம்? இதுல எது உங்க செடி?” என்றார். புதரை விலக்கி ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினேன்.

அக்கா முன்னால் வந்தாள். “ஒரு மணி நேரம் பொறுங்க சார்.” நாற்பது ஆடுகளையும் அவிழ்த்துவிட்டாள்.

அவர் பாறை நிழலில் உட்கார்ந்தார். ஆடுகள் கிடைத்ததையெல்லாம் மொட்டையடித்தன. நடுநடுவே இலை கலையாமல், பச்சையாக நின்றன என் செடிகள். அதிகாரியே எண்ணினார். இருபத்துமூன்று! எனக்கே ஒன்பதுதான் தெரியும்.

“ஆடு பொய் சொல்லாது” என்று சிரித்தபடி படமெடுத்துக்கொண்டார்.

மே 11

காய் முற்றியதும் வெடித்து விதையைத் தூர எறிகிறது. கொசுவலைத் துணியைப் பையாகத் தைத்துக் காய்களின்மேல் கட்டியிருந்தேன். இன்று அவிழ்த்தால் முப்பத்தொரு விதை.

ஜூன் 2

உத்தரவு வந்தது. அந்தச் சரிவில் குவாரி கிடையாது. போய் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு அக்கா, “ஆட்டப் பத்தி ஒண்ணும் எழுதலியா?” என்றாள்.

செப்டம்பர் 19

காலையில் விதைத் தட்டில் நான்கு முளை. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

“ஆடே திங்காதத வளத்து என்னத்துக்கு டீச்சர்?”

பிறகு, குரலைத் தாழ்த்தி: “பைய தண்ணி ஊத்துங்க. வேரு அலசிரும்.”