கலிங்கிலிருந்து இறக்கிய கல்

வளம் பெருகுக, குடி தழைக்க. வெண்கோட்டு நாடு முழுதும் குடைநிழல் பரப்பி, மலைச்சரிவின் தேனும் கடல்துறையின் முத்தும் திறையாகக் கொள்ளும் திருவளர் மருதவேள் தேவர் திருவடிக்கு, அவர்தம் நீர்நிலைகளைக் காக்கும் அமைச்சன் பொழிலூர் கிழான் சேந்தன் பேரேரிக் கரையிலிருந்து தாழ்ந்து வணங்கி விடுக்கும் ஓலை. தேவரின் நலமும் தேவியாரின் நலமும் பட்டத்து யானையின் நலமும் முறைப்படி வினவ வேண்டியவன் சேந்தன், வினவியதாகக் கொண்டருள்க. மழை விடவில்லை, அவனுக்கு ஓரிடத்தில் நிற்கவும் முடியவில்லை.

முடிசூடும் ஒவ்வொரு மன்னரும் பேரேரியின் கலிங்கின்மேல் தம் பெயர் பொறித்த கல்லை நடுவில் வைத்து ஒரு வரிசை கட்டுவது இந்நாட்டு வழக்கம். மிகைநீர் வழிந்தோடும் இடம் கலிங்கு. அது உயர்ந்தால் ஏரியில் நீர் உயரும், நீர் உயர்ந்தால் தந்தையினும் மகன் வளத்தில் மிக்கவன் என்று நாடு பேசும். இவ்வழக்கத்தில் குறை சொல்ல யாருக்கும் வாய் வந்ததில்லை. ஆனால் கலிங்கை உயர்த்திய மன்னர் ஒருவரேனும் கரையை உயர்த்தியதில்லை. கரையில் பெயர் பொறிக்க இடமில்லை, அதனாலோ என்னவோ.

தேவரின் திருப்பெயர் தாங்கிய வரிசை சென்ற கோடையில் ஏறியது. அது ஏறுமுன்பே ஏரிவாரியத்துப் பொறியாளர் இளங்கொற்றி, இனி ஒரு கல்லும் ஏறலாகாது என்று அவைக்கு விண்ணப்பித்தார். இளங்கொற்றி பணிவுக்குப் பெயர்போனவர் அல்லர். கடல் கடந்து கற்று வந்ததை நாளுக்கு ஒருமுறையாவது நினைவூட்டுபவர். சேந்தனோடு அவர் சண்டையிடாத திங்கள் இல்லை. ஆயினும் மண்ணை நனைத்து, அழுத்தி, உடைத்துப் பார்த்த பிறகே பேசுபவர். கட்டுமானத் தொழிலோர் அவைக்குள் அமரும் வழக்கம் இல்லாமையால் அவர் வாயிலில் நிற்க, உள்ளே புலவரும் கணியரும் படைத்தலைவரும் ஏரியைப் பற்றி ஆய்ந்தனர். நாள் நல்லது என்றார் கணியர். ஒரு கல்லைக் குறைத்தால் புதிய மன்னர் தந்தையிற் சிறியவர் என்று அண்டை நாட்டார் நகைப்பர் என்றார் படைத்தலைவர் ஆதனார். கரை தாங்குமா என்று கேட்டவர் சேந்தன் ஒருவனே. அதற்கு விடை தெரிந்தவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். அன்று அவனுக்கு வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை என்பதைத் தேவர் பொறுத்தருள்க.

இனி நடந்தது. இன்று காலை கரையின் அடிவாரத்தில், கீழ்ப்பேட்டையை நோக்கிய பக்கத்தில், கசிவு கண்டது. ஏரி என்றால் கசியும்; தெளிந்த கசிவுக்கு எவரும் அஞ்சுவதில்லை. இது செம்மண் கலங்கி வந்தது. கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள் என்றும், நீரைத் தாழ்த்துவதன்றி வேறு வழியில்லை என்றும் இளங்கொற்றி உரைத்தார். தலைநகருக்கு ஆள் விட்டு ஆணை பெற்றபின் செய்வோம் என்றான் சேந்தன். ஆணை வந்து சேரும்போது அதைக் கேட்கக் கீழ்ப்பேட்டையில் எவரும் இருக்கமாட்டார் என்றார் அவர். இம்முறை அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் சேந்தனை நடுங்க வைத்தது.

கீழ்ப்பேட்டை தேவர் அறிந்த ஊர். நெசவுத் தறிகளும் எண்ணெய்ச் செக்குகளும் நிறைந்த இடம். பிள்ளைகள் ஏரிக்கரையை ஊர்ச்சுவர் என்றே நம்பி விளையாடுமிடம். மக்களை மேட்டுக்குப் போகச் சொன்னால், கரை எம் பாட்டன் காலத்திலிருந்து நிற்கிறது, அமைச்சர் வீட்டில் போய் உறங்கட்டும் என்று சிரிக்கிறார்கள்.

ஆகவே சேந்தன் தன் பெயரால் ஆணையிட்டான். தேவரின் திருப்பெயர் பொறித்த கல் உட்பட அவ்வரிசை முழுதும் கலிங்கிலிருந்து இறக்கப்பட்டது. அது போதாது என்று இளங்கொற்றி சொல்லவே, தேவரின் தந்தையார் வைத்த வரிசையும் இறங்கியது. மன்னர் பெயரைக் கடப்பாறையால் நெம்புவதற்கு என்ன தண்டனை என்பது சேந்தனுக்குத் தெரியும். அந்தச் சட்டத்தை அவையில் படித்துக்காட்டியவனே அவன்தான். கல் பெயர்ந்தபோது தொழிலாளர் கண்ணை மூடிக்கொண்டனர். அவன் மூடவில்லை.

இப்போது நீர் பேரிரைச்சலோடு கலிங்கைத் தாண்டி வடகால்வாய் வழியே இறங்குகிறது. வடகரைத் தினைப்புலங்கள் சில அழியும். அந்தப் பழியும் அவனதே. கசிவு சற்றே தெளிந்திருப்பதாகத் தோன்றுகிறது. தோன்றுவதை நம்பலாகாது என்கிறார் பொறியாளர். அவர் இன்னும் அடிவாரத்தை விட்டு நகரவில்லை.

தேவர் இதைத் திருவுளத்தில் கொள்க. யானைக்கு மருத்துவர் சொல்வதைக் கேட்டே யானையை நடத்துகிறோம். கப்பலை மீகாமனைக் கேட்டே செலுத்துகிறோம். நாட்டை மட்டும் மண்ணும் நீரும் இரும்பும் அறியாதோர் கூடி நடத்துகிறோம். மண்ணையும் நீரையும் இரும்பையும் ஆராய்ந்து கற்றோர்க்கு அவையில் இருக்கை வேண்டும். அவர் சோதித்துச் சொல்லாமல் எந்தப் பெரும்பணிக்கும் ஓலை எழுதலாகாது. அவர் சொல் கசந்தாலும் கசந்தபடியே தேவர் செவிக்கு வர வேண்டும். கற்பிக்கும் சாலைகள் தலைநகரோடு நில்லாமல் நாடுதோறும் எழ வேண்டும். ஒரே ஓர் இளங்கொற்றியை நம்பி இத்தனை ஏரிகளை வைத்திருப்பது அச்சமாயிருக்கிறது. ஆதனார் நகைப்புக்கு அஞ்சுகிறார். சேந்தன் அஞ்சுவது வேறொன்றுக்கு.

இறக்கிய கற்கள் கரையோரம் பழுதின்றி அடுக்கப்பட்டுள்ளன. குற்றம் முழுதும் சேந்தனுடையது. பொறியாளரும் தொழிலாளரும் அவன் சொல்லுக்குப் பணிந்தவர்களே. அவனுடைய இலச்சினை மோதிரம் இவ்வோலையோடு கட்டி அனுப்பப்படுகிறது. கரைக் காவலர்க்கு அவன் இட்ட கட்டளை இது: மழை ஓய்ந்து பொறியாளர் சொல்லும்வரை, எவர் வந்து கேட்பினும், எவர் பெயர் பொறித்ததாயினும், ஒரு கல்லும் கலிங்கில் ஏறலாகாது.

இவ்வோலை தேவர் திருக்கையை எட்டும் கணத்தில் சேந்தனுக்குக் கட்டளையிடும் உரிமை முடிந்துபோகும். அதன்பின் அக்கட்டளை நிற்பதும் வீழ்வதும் தேவர் சொல்லில் இருக்கிறது, கீழ்ப்பேட்டையும் அப்படியே.