அலுமாரிக்கு மேல் ஒரு பால்மா டின்

2014 மார்ச் 4

பிள்ளை பிறந்து ஆறு நாள். இரண்டு காம்பும் வெடித்துவிட்டன. அவள் அழத் தொடங்கினாலே எனக்குக் கால்விரல் மடங்குகிறது. பிஸ்மி சொல்லி ஊட்டும் பால் சுத்தமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தானே கொடுக்கிறேன். பிறகும் ஏன்?

மார்ச் 5

முடி இறக்கிப் பேர் வைத்தாயிற்று. ஸஹ்றா. அவள் அழவேயில்லை. பால் கொடுக்கும்போது நான்தான் அழுதேன்.

மார்ச் 6

பாலோடு இரத்தம். மாமி, கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் ரிப்கானைக் கூப்பிட்டுக் கல்பிட்டிக்கு அனுப்பி, பால்மா டின் வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார்.

"புள்ள பட்டினி கெடக்கேலா. ஒனக்குப் பால் இல்லாட்டி விட்டுரு."

இல்லையா? சட்டையெல்லாம் நனைகிறது. வலிதான் தாங்க ஏலாம இருக்கு. படுத்தாலும் எழும்பினாலும் அந்த டின்தான் கண்ணில் படுகிறது. திறக்க விடமாட்டேன். நாளைக் காலை வரைக்குமாவது விடமாட்டேன்.

மார்ச் 7

மிட்வைஃப் பவுலினா மிஸ் வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்க்குமுன் கட்டிலடியில் இருந்த சவர்க்காரத்தைப் பார்த்தார். தேய்ந்து நகம்போல் இருந்தது.

"இது எப்ப பிரிச்சது?"

"திங்கக்கிழம, மிஸ்."

"உடுப்புத் தோய்க்கிறவங்களுக்கே இவ்வளவு கரையாது, பிள்ளை. தோல்ல உள்ள எண்ணெய்ப் பசை போனா வெடிக்காம என்ன செய்யும்? குளிக்கேக்க வெறும் தண்ணி போதும்."

பிறகு கொடுத்துக் காட்டச் சொன்னார்.

"காம்ப மட்டும் குடுக்கிறீங்க. வாய் நல்லாத் திறக்கட்டும். கறுப்பு வட்டமும் உள்ள போகணும்."

ஸஹ்றாவை என் வயிற்றோடு சேர்த்து, மோவாய் முலையில் படும்படி பிடித்துவிட்டார். முதல் இழுப்பில் பல்லைக் கடித்தேன். பிறகு வலி குறைந்தது. நம்பமுடியாமல் மிஸ்ஸைப் பார்த்தேன். முடிந்ததும் கடைசித் துளிப் பாலைக் காம்பில் தடவிக் காற்றில் காயவிடச் சொன்னார். காய்ச்சலோ சிவந்த கட்டியோ வந்தால் உடனே கிளினிக்குக்கு வர வேண்டுமாம்.

மார்ச் 8

சவர்க்காரம் கிணற்றடிக்குப் போய்விட்டது.

மார்ச் 12

வலது பக்கம் ஆறிவிட்டது. பால் கொடுத்துக்கொண்டே பாட்டுப் படித்தேன். மாமி இரண்டு தரம் எட்டிப் பார்த்தார்.

ஏப்ரல் 2

கிளினிக்கில் நிறுத்தார்கள். ஸஹ்றாவின் நிறை கூடியிருக்கிறது. மிஸ் எழுதுமுன் நானே தராசைப் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 7

பிள்ளை பிறந்து இன்று நாற்பதாம் நாள். முழுகினேன். வீடு நிறைய ஆட்கள். தேத்தண்ணிக்குப் பால்மா முடிந்துபோய்க் குசினியில் ஒரே சத்தம். மாமி யாரிடமும் கேட்கவில்லை. கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த டின்னை எடுத்துக்கொண்டு போனார்.

ரிப்கான் ஒரு வாய் குடித்தார். "என்ன உம்மா, தேத்தண்ணி பச்சப்புள்ள மணக்குது?"

"குடி. ஒன்ட மகளுக்கு இது தேவப்படல்ல" என்றார் மாமி, எல்லோருக்கும் கேட்கும்படி.

எனக்கும் ஒரு கோப்பை வந்தது. மடியில் ஸஹ்றா குடித்துக்கொண்டிருந்தாள். நானும் குடித்தேன்.