விமானங்களுக்குப் பெரட்டு எடுத்தவருக்கு

என் பங்காளி அண்ணனுக்கு,

காகிதம் கிடைப்பதில்லை. நீங்கள் பங்கு வாங்கிய விமானக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் பின்பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அதில் எழுதுகிறேன். யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும்.

நேற்று மத்தியானம் வரை எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. ஜப்பான்காரன் உங்களைக் கொன்றான். அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் ராயப்பன் காட்டிக் கொடுத்தான். எஸ்டேட் முழுக்க இன்னும் அப்படித்தான் நம்புகிறது.

 

முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது.

ஜப்பான் சண்டைக்கு முந்திய வருஷம். நான் சிங்கப்பூர் காலேஜில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன், உங்கள் சம்பளத்தில். நீங்கள் சிரம்பானை அடுத்த லாபு பக்கத்தில், ரப்பர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி. சீமைக்குத் திரும்பிய ஒரு தொரையிடமிருந்து கொஞ்சம் பங்குகள் வாங்கிவிட்டீர்கள். அறிக்கையை எனக்கு அனுப்பி ஒரு வரி எழுதினீர்கள். "படிச்ச பங்காளி, பாத்துச் சொல்லுங்க. வச்சுக்கவா, வித்துடவா?"

பங்காளி. அப்பா விட்டுப்போன ஒரே சைக்கிளில் பாதி எனக்கு என்று சின்ன வயதில் நான் அழுதேனாம். அன்றிலிருந்து அதுதான் என் பெயர்.

நான் நாலு பக்கம் பதில் எழுதினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அறிக்கையை நம்பாதீர்கள் என்றேன். தபால் சுமக்க அரசாங்கம் கொடுப்பதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று அது சொல்லவில்லை. சின்னக் கம்பெனி ஒற்றை விமானத்தோடு பிழைத்துக்கொள்ளும். பெரியதை அரசாங்கம் விழ விடாது. இது நடுத்தரம். தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை, சுருங்கிக்கொள்ளவும் வழி இல்லை. அதன் விமானங்கள் எத்தனை நாள் பறக்கின்றன, எத்தனை நாள் தரையில் நிற்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோலாலம்பூருக்கு உங்கள் தலைக்கு மேலேதானே போகின்றன? மூன்று மாதம் எண்ணுங்கள்.

எண்ணுங்கள். அந்தச் சொல்லை எழுதியது நான்.

"தரையில நிக்கிற பிளேன், பால் வெட்டாத மரம். அவ்வளவுதானே?" என்று பதில் வந்தது. என் நாலு பக்கமும் அதில் அடங்கிவிட்டது.

எண்ணினீர்கள். கிராணி எப்படி எண்ணுவாரோ அப்படி. காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வரவு போடும் அதே செக்ரோல் தாள். அதில் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட உங்களால் முடியுமா? சத்தத்தை வைத்துப் பெயர் கொடுத்தீர்கள். கரகரக் குரல் முனியன். எப்போதும் பிந்தி வருவது சின்னப்பொண்ணு. நேரம், வந்த திசை, போன திசை. "சின்னப்பொண்ணு இன்னிக்கும் லேட்டு. கேட்டா மழைங்கிறா." அந்தக் கடிதத்தை விடுதியில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். எவ்வளவு சிரித்தோம்.

கடைசியில் எழுதினீர்கள்: "முனியன் மழையிலும் வர்றான். கம்பெனி தேறும்னு நெனைக்கிறேன். நீங்க என்னா சொல்றீங்க?"

நான் பதில் எழுதுவதற்குள் சண்டை வந்துவிட்டது. காலேஜை மூடினார்கள். வீடு வந்து சேர்ந்தேன். தலைக்கு மேலே வேறு விமானங்கள். நீங்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டீர்கள். ஆனால் செக்ரோலைக் கிழித்துப் போடுகிற கிராணி எங்கே இருக்கிறார்?

ஜப்பான்காரர்கள் ஆப்பீசைச் சோதனை போட வந்த அன்று நான் சிரம்பானில் உப்புக்கு அலைந்துகொண்டிருந்தேன். உள்ளே நீங்கள், ஓர் அதிகாரி, மொழி சொல்ல ராயப்பன். மூன்றே பேர். வெளியே நின்றவர்களுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டதாம். பிறகு ஓர் அலறல். பிறகு உங்களை லாரியில் ஏற்றினார்கள்.

அண்ணி தினமும் சிரம்பானில் உங்களை அடைத்து வைத்த இடத்துக்குச் சோறு கொண்டுபோனார். ஏழாம் நாள் வாசலில் நின்றவன், இனி கொண்டுவர வேண்டாம் என்றான்.

காட்டிக் கொடுத்துவிட்டுச் சிரித்தவன் என்று ராயப்பனுக்குப் பெயர் விழுந்தது. அவன் வந்தால் குழாயடியில் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று மரவள்ளிக் கொல்லையில் வழியை மறித்து நின்றான்.

"தம்பி, போயிடாதே லா. ஒன்னே ஒன்னு கேக்கணும்."

"என்னய்யா வேணும்?"

"பங்குன்னா என்னா தம்பி?"

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் கேலி இல்லை.

"அந்த அதிகாரி செக்ரோல் தாளைத் தூக்கிக் காட்டி, முனியன் யாரு, சின்னப்பொண்ணு யாரு, எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்னு கேட்டான். கிராணி சிரிச்சுட்டாரு. அதெல்லாம் ஆளு இல்ல, பிளேனுன்னாரு. நான் அதை ஜப்பான் பாஷையில சொன்னதும் அந்த அதிகாரியே சிரிச்சான் தம்பி. சத்தியமா. அப்புறம், பிளேனை நீ ஏன் எண்ணுனேன்னான். கிராணி நெஞ்சை நிமித்திக்கிட்டு, எனக்கு அதுல பங்கு இருக்குன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"நகாமான்னேன். நான் வேலை செஞ்ச போட்டோக் கடையில ஜப்பான் மொதலாளி தன் கூட்டாளிய அப்படித்தான் சொல்வாரு. பங்குன்னா கூட்டாளிதானே? வேற என்னா?"

விமானங்களின் கூட்டாளி. வெள்ளைக்கார விமானங்கள் வந்த நேரமும் போன திசையும் எழுதி வைத்திருக்கிற கூட்டாளி.

"அவன் சிரிப்பு நின்னுபோச்சு. கிராணிக்கு ஏதோ வெளங்கிடுச்சு போல. 'சரியாச் சொல்லுய்யா'ன்னாரு. சரியாத்தான் சொன்னேன் கிராணின்னேன்." என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப நான் சரியாச் சொல்லலையா தம்பி?"

நான் குனிந்துகொண்டேன், அண்ணே. கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பொருளாதாரம் படித்தவன். பங்கு என்றால் என்ன என்று ஒரு மனிதன் கேட்கிறான். வந்துவிட்டேன்.

இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. கிராணியைக் காட்டிக் கொடுத்தது யார் என்று ஜப்பான்காரனை எதிர்த்து ஜெலுபு மலைக்காட்டில் ஒளிந்திருக்கிறவர்கள் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார்கள். நாளைக்குக் கிழங்கு வாங்க வரும்போது பெயர் வேண்டுமாம். பெயர் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். "நானே சொல்றேன். வேற யாரும் சொல்ல வேணாம்" என்று அண்ணி சொல்லிவிட்டார். ராயப்பனுக்கு இது தெரியாது. அவன் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கிறான்.

நான் வாயைத் திறக்காவிட்டால் நாளை அவன் இல்லை. திறந்தால் அண்ணி என்னை எப்படிப் பார்ப்பார்? அந்தப் பார்வையை நான் எப்படித் தாங்குவேன்? ஒருவேளை நாளைக்கு என் பெயரையே கொடுப்பாரோ?

தப்பித்துக்கொள்ள நீங்கள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தம்பி எண்ணச் சொன்னான் என்று உண்மையையாவது சொல்லியிருக்கலாம். அங்கே ஏழு நாளும் கேட்டிருப்பார்களே. யாரும் என்னைத் தேடி வரவில்லை. அது ஏன் என்று நேற்றுவரை நான் யோசித்ததே இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பிந்திவிட்டது, சின்னப்பொண்ணு மாதிரி. வைத்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. விமானங்களை முதலில் வெள்ளைக்கார ராணுவம் எடுத்துக்கொண்டது. எந்தக் களத்தில் எரிந்து கிடக்கின்றனவோ. வாங்கவும் ஆள் இல்லை. அது போகட்டும். இன்னொரு பங்கு இருக்கிறது. அது என் பெயரில் இருக்கிறது. அதை விற்க முடியாது.

அண்ணி கொல்லையிலிருந்து ஏறி வந்துகொண்டிருக்கிறார். கூடையை இறக்கி வைப்பதற்குள் சொல்லிவிடுவேன், எண்ணச் சொன்னவன் நான் என்று. பிறகு ராயப்பன் வீட்டுக்குப் போவேன். பங்கு என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்வேன்.

சரியாகச் சொல்வேன், அண்ணே.

பாதிச் சைக்கிளுக்கு அழுத
உங்கள் பங்காளி