தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்து வந்தோம்

அம்மா, நன்றாக இருந்த இடத்திலிருந்து உங்களைப் பிடுங்கி வந்தது நாங்கள்தான். முடிவு செய்தது அண்ணன். கார் ஓட்டியது நான்.

இன்று காலை அலமாரியை ஒழித்தபோது உங்கள் மஞ்சள் டீ-சட்டை கிடைத்தது. தஞ்சோங் பூங்கா முதியோர் குடியிருப்பில் காலை உடற்பயிற்சிக்குக் கொடுத்தது. துவைத்த பிறகும் தைல வாசனை போகவில்லை. முப்பது வருடம் தொழிற்சாலையின் நீலச் சீருடையிலேயே உங்களைப் பார்த்தவள் நான். உங்களுக்கு மஞ்சள் பிடிக்கும் என்பதே அங்கே வந்துதான் தெரிந்தது.

அந்த இடத்தை நீங்களே தேடிக்கொண்டீர்கள். பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிப் சோதித்த சீனத் தோழிக்கு அடுத்த அறை. "மறுபடியும் ஷிப்டு மாதிரி இருக்குலா. சூப்பர்வைசர் மட்டும் இல்ல" என்று சிரித்தீர்கள். குளியலறையில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. விழுந்தால் இழுக்க வேண்டும்.

"வேல செய்யுதான்னு ஒரு தடவ இழுத்தேன். நர்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்துச்சு. துண்டு காயப்போடுற கயிறுன்னு நெனச்சேன்னு சொல்லிட்டேன்."

சொந்தக்காரர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. ஆண்டுதோறும் தீபாவளியன்று அண்ணன் வீட்டில், யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிட்டுப் போகும் திறந்த இல்ல விருந்து. மாமா, உங்கள் கூடப் பிறந்த தம்பி, அண்ணனிடம் நேராகவே கேட்டார்: "ஊரே வரப் போகுது. அம்மா எங்கன்னு கேட்டா பிரியாணிச் சட்டியையா காட்டுவ?"

"ரெண்டு நாளைக்குத்தான் பாப்பா, போயிக் கூட்டிட்டு வா" என்றார் அண்ணன். நம்பினேன். நீங்களும் ஒரு சிறு பையோடுதான் ஏறினீர்கள்.

பட்டுப்புடவை கட்டி உங்களை வாசலோரம் உட்கார வைத்தோம். வந்தவர்கள் காலைத் தொட்டார்கள், முறுக்குத் தின்றார்கள், அண்ணனைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுதான் உங்களைத் திரும்ப விடவில்லை. இத்தனை பேர் பார்த்த பிறகு அம்மாவை எப்படிக் கொண்டுபோய் விடுவது? அடுத்த வாரமே அண்ணன் போய் உங்கள் அறையைக் காலி செய்தார்.

தாய் யார் வீட்டில் படுக்கிறாள் என்பதுதான் நம் ஆட்களுக்கு முக்கியம். பகலெல்லாம் அவள் என்ன செய்கிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. புக்கிட் தெங்கா வீட்டிலிருந்து அண்ணனும் அண்ணியும் காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்புவார்கள். திருட்டுப் பயம் என்று வாசல் கேட்டுக்கு வெளியே பூட்டு. மாலை ஏழு வரை மேசையில் மூடி வைத்த சோறு, ஓடிக்கொண்டிருக்கும் டிவி, நீங்கள். இதற்குப் பெயர் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது.

போனில் ஒன்றையேதான் கேட்டீர்கள். "எப்ப என்ன கொண்டு போயி விடப் போற?"

"அண்ணன்கிட்ட பேசுறேன்மா."

பேசினேன். கத்தினேன். "ஊரு வாயில என்ன விழ வைக்காத" என்றார். அவரை ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் உங்களைக் காரில் ஏற்ற வேண்டும் என்று முட்டாள்தனமாகக் காத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் குளியலறையில் விழுந்தீர்கள். பூட்டைத் திறந்தது ஏழு மணிக்கு.

காரியத்தன்று மாமா சொன்னார்: "பெத்த புள்ள வீட்டுலயே போயிட்டாங்க. குடுத்து வச்சவங்க." பந்தியில் தலைகள் ஆடின. நானும் இலையைப் பார்த்தபடி சும்மா இருந்தேன். நீங்கள் போனில் கேட்ட கேள்வியும் அன்று நான் பேசாமல் இருந்ததும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இனி சும்மா இருப்பதாக இல்லை.

போன ஆண்டு துக்கம், தீபாவளி இல்லை. இந்த ஆண்டு மறுபடியும் திறந்த இல்லம் என்று நேற்று அண்ணன் குடும்ப வாட்ஸ்அப்பில் அழைப்புப் போட்டார். வரவேற்பறையில் மாலையோடு உங்கள் படம் இருக்குமாம். அதன் கீழேயே நான் எழுதினேன். அண்ணன் படித்துவிட்டார். மாமாவும் படித்துவிட்டார்.

"அண்ணே, திரும்பிப் போகணும்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நாம கொண்டு போயி விடல. வர்றவங்ககிட்ட அம்மா படத்துக்குப் பக்கத்துல நின்னு இத நீயே சொல்லு."